தொப்புள் உள்ள போளை

என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னைக் கொஞ்சம் பொய் சொல்லச் சொல்லித்தான் வருகிறார்கள். முகப்பருவை எடுத்துவிடு, கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பைத் துடைத்துவிடு, நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிடு. கல்யாணத் தரகரிடம் போகிற படமென்றால் சொல்லவே வேண்டாம். மாத்தளை டவுனில் இத்தனை வருஷமாக அந்தப் பொய்யில்தான் என் அடுப்பு எரிகிறது. அதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை. மனிதர்கள் இருப்பதைவிடக் கொஞ்சம் நன்றாகத் தெரிய ஆசைப்படுகிறார்கள், நான் ஒத்தாசை செய்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்றையும் எடுக்காதே, ஒன்றையும் சேர்க்காதே என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்தவர் மிஸி ஒருவர்தான்.

எங்கள் பக்கத்தில் நர்ஸானாலும் பிரசவம் பார்க்கிறவரானாலும் மிஸிதான். இவர் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் பிள்ளைப்பேறு பார்த்து, பென்ஷன் எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்து தனியாக இருந்தவர். அவருக்கு வேதக்காரப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆகவே இங்கேயும் அவர் மிஸியாகவே இருக்கட்டும்.

முதல் தடவை வந்தபோது பாஸ்போட் படமாக்கும் என்று நினைத்து, கதிரையை நேராக்கி வைத்தேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்தார். உள்ளே புண்ணுக்குக் கட்டுகிற துணியில் சுற்றிய சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாம் போளைகள். தோட்டத்தில் கோலி என்பார்கள், டவுனில் போளை. பையன்கள் மண்ணில் குழி தோண்டி அடித்து விளையாடுகிற அதே கண்ணாடிக் குண்டு. மேசையிலிருந்து உருண்டு விழாமலிருக்க, பக்கத்தில் கிடந்த கெமரா வாரை எடுத்து அவற்றைச் சுற்றி வேலி போட்டார்.

"கிட்டக்க வச்சிப் புடிக்கணும் மகள். உள்ளுக்கு என்ன இருக்குன்னு தெரியணும்" என்றார்.

அன்று நான் எடுத்தது ஒரு பச்சைப் போளை. உள்ளே வெள்ளை இழைகள் முறுக்கிக்கொண்டு ஓடின. மேலே ஒரு பக்கம் நகத்தால் கீறியது போல ஒரு கோடு. பெரியவர் பாவம், நன்றாகச் செய்து கொடுப்போம் என்று கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டுக் காட்டினேன். மிஸி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல கைய வச்சியா?"

கொஞ்சம் துப்புரவாக்கினேன் என்றேன். அந்தக் கீறலைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்வரை அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. கீறல் இருந்தால்தான் அது உருண்ட போளை என்று தெரியுமாம். பழைய போளையைப் பளபளப்பாக்கி விற்கிற ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் மிஸியின் வாயில் நல்ல வார்த்தை வராது. ஜெர்மனியிலும் மற்ற நாடுகளிலுமாக இரண்டு மூன்று பேர் அவரைப் போலவே போளைப் பைத்தியங்கள். நான் எடுக்கிற படங்களை அவர்களுக்கு ஈமெயிலில் அனுப்புவது என் வேலை. அவர்களும் எங்கோ ஓரிடத்தில் இப்படி ஒரு ஸ்டூடியோக்காரியின் உயிரை வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மாதத்தில் ஓரிரு தடவை வருவார். பூசை முடிந்து வந்தால் கோயில் மெழுகுவர்த்தி வாசம் சேலையில் இருக்கும். வந்ததும் வாசல் பக்கம் போய் நின்று, போளையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, வெயிலுக்குக் காட்டி மெதுவாகத் திருப்புவார். முழுச் சுற்றும் திரும்பி முடியும்வரை வாயே திறக்கமாட்டார். ஏதாவது கேட்டால் மற்றக் கையால் பொறு என்று காட்டுவார். என்ன தேடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"தொப்புள்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். போளையின் ஒரு முனையில், முள் குத்தி ஆறியதுபோல, கரகரப்பாக ஒரு சின்ன வடு. அந்தக் காலத்தில் ஜெர்மனிப் பக்கத்தில் கண்ணாடிக் கம்பியை உருக்கி, முறுக்கி, நுனியில் உருட்டிக் கத்தரியால் துண்டாக வெட்டி எடுப்பார்களாம். வெட்டிய இடத்தில் அந்த வடு நின்றுவிடும். மெஷினில் செய்த போளைக்கு அது இருக்காது. புத்தகங்களில் அதற்கு வேறு ஏதோ பெயர் இருக்கிறது, அவருக்கும் அது தெரியும். ஆனால் வாழ்நாளெல்லாம் கொடி வெட்டிய கைக்கு அது தொப்புளாகத்தான் தெரிந்திருக்கிறது.

"கையில பொறந்ததுக்கு தொப்புள் இருக்கும். மெஷின்ல பொறந்ததுக்கு இருக்காது. மெஷின்ல பொறந்தது மட்டம்னு இல்ல. ஆனா கையில பொறந்ததுன்னு அதச் சொல்லக் கூடாது."

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் மட்டும் மிஸியின் முகத்தில் குறும்பு வரும். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு சின்னப் பையன் போளையை விழுங்கிவிட்டான். தாய் ஊரைக் கூட்டி ஒப்பாரி. மிஸி அவனுக்கு வாழைப்பழமாகக் கொடுத்து ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டு, வரவேண்டியது வரும்வரை காத்திருந்தார். வந்தது. கழுவி வெயிலில் வைத்தபோது உள்ளே சிவப்பும் நீலமுமாக ஒரு ரிப்பன் சுழன்றுகொண்டு போனதைப் பார்த்தாராம். ஒரு முனையில் தொப்புள். தாய்க்கு அதைக் கண்ணால் பார்க்கவே அருவருப்பு, வீசச் சொன்னாள். பங்களா வீட்டுக் குப்பைமேட்டில் பையன் பொறுக்கிய சாமான் அது. எந்தத் துரை வீட்டுப் பிள்ளை எந்தக் காலத்தில் தொலைத்ததோ. "எங்கிட்ட இருக்கிறதுலேயே ஒசந்த போள அதுதான். வந்த வழிய மட்டும் ஜெர்மனிக்காரனுக்கு எழுதல்ல" என்பார்.

போளை என்ன வகை என்று கண்டுபிடிக்க மிஸியிடம் ஒரு வழி இருந்தது. அது என்ன என்று அவர் முதலில் சொல்லவே மாட்டார். என்ன இல்லை என்பதிலிருந்துதான் தொடங்குவார். தொப்புள் இல்லை, ஆகவே கையில் செய்ததில்லை. உள்ளே நிறம் இல்லை, வெறும் கடல் பச்சை, ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, ஆகவே விளையாட்டுப் போளையே இல்லை, சோடாப் போத்தலின் கழுத்தில் இருந்த குண்டு. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார். கழித்து முடிந்தும் விளங்காவிட்டால், "என்னன்னு தெரியல்ல. என்ன இல்லன்னு தெரியும்" என்று துணியில் சுற்றி டின்னில் போட்டுவிடுவார். அப்படிச் சுற்றி வைத்தவற்றுக்கென்றே ஒரு டின் தனியாக இருந்தது. அந்த டின்னைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

பழைய கண்ணாடியில் சில வகை, கள்ள நோட்டுப் பார்க்கிற நீல லைட்டில் பச்சையாக ஒளிருமாம். ஒருநாள் மெயின் வீதிப் புடைவைக்கடைக்குள் போய், கெஷியர் மேசையில் ஆள் வரிசையை மறித்துக்கொண்டு, அந்த லைட்டின் கீழே ஒவ்வொரு போளையாகப் பிடித்துப் பார்த்தார். தீபாவளிக் கூட்டம். முதலாளி முகம் கடுகடுத்ததாம். ஒன்றும் ஒளிரவில்லை. மிஸி எல்லாவற்றையும் திரும்பக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களிடம், "ஒன்னும் இல்ல, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். கடைப் பெண் ஒருத்தி அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எல்லோருக்கும் இது சிரிப்பாக இருக்கவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கிய போளை என்று ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த மிஸியிடம் அதைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தார். மிஸி வாசலுக்குப் போய்த் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, சபையில் எல்லோரும் இருக்க, இது பூனைக்கண் போளை, தொப்புள் இல்லை, மெஷினில் செய்தது, துரைமார் போன பிறகு கடைகளில் டின் டின்னாக வந்தது என்று சொல்லிவிட்டார். மனிதர் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு அவர் மிஸியைக் கண்டால் ரோட்டின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவார். நான் மிஸியிடம் சண்டைக்கே போனேன். வயதான மனுஷனுக்கு ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டேன்.

"அவரு பாக்கச் சொன்னாரு மகள். பாக்கச் சொன்னா நான் பாப்பேன்" என்றார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் மிஸி என்றால் எனக்கும் கொஞ்சம் பயம்தான். கையில் குழந்தையோடு இருந்த நாட்கள். யார் வந்தாலும் ராசாத்தி, தங்கம் என்று கொஞ்சுவார்கள். மிஸி வந்தால் பிள்ளையின் நிறை எவ்வளவு, பல் முளைத்ததா என்றுதான் கேட்பார். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று மனம் முறுக்கிக்கொள்ளும்.

என் மகளுக்கு அப்போது ஒரு வயது ஆகவில்லை. முத்துமாரியம்மன் தேருக்குப் புதுச் சட்டை போட்டு, கடையில் வைத்து நானே ஒரு படம் எடுத்தேன். பிளாஷ் அடித்ததில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாக மின்னிக்கொண்டும் விழுந்தது. சிவப்புக் கண் வழக்கமாக வருவதுதான், ஒரு தட்டில் மாற்றிவிடலாம். ஆனால் அந்த வெள்ளை மின்னல் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. வீட்டிலும் மாலை வெளிச்சத்தில் சில சமயம் அந்தக் கண் அப்படி மின்னும். பூனைக்கண், பூனைக்கண் என்று அக்கம்பக்கத்தில் ஒரே புகழ். என் வீட்டுக்காரர் சீகிரியாவில் ஹோட்டலில் வேலை. பிள்ளைக்கு வெள்ளைக்காரக் கண் எங்கிருந்து வந்தது என்று அவரோடு வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் கோபிக்கமாட்டார். தன்னுடைய பாட்டன் வழியில் பூனைக்கண் உண்டு என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். ஆகவே அந்தப் படத்தில் எதையும் மாற்றாமல் பெரிதாகப் போட்டு, சட்டம் போட்டு, கடைச் சுவரில் மாட்டினேன்.

மிஸி அதற்குப் பிறகு வந்தது ஒரு காலை நேரம். டின்னைத் திறக்கப் போனவர் சுவரைப் பார்த்தார். டின்னைத் திறக்கவில்லை. படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மிஸிக்குக்கூடப் பிள்ளையின் அழகு கண்ணில் பட்டுவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"இதுல கைய வச்சியா?" என்றார், திரும்பாமலே.

இல்லை மிஸி, அப்படியேதான் இருக்கிறது, பூனைக்கண் என்றேன்.

பாப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். பின்னறையில் தொட்டிலில் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மிஸி அவளை மடியில் வாங்கி வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார்ந்தார். போளை ஒன்றை எடுத்தார். கையில் கொடுக்கவில்லை, வாயில் போடுகிற வயது என்று அவருக்குத் தெரியாதா. அவள் முகத்துக்கு எதிரே பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பாப்பா சிரித்துக்கொண்டே கண்ணால் பின்தொடர்ந்தாள். பிறகு மிஸி தன் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணை மூடினார். பாப்பா போளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை எடுத்து வலது கண்ணை மூடினார். பாப்பா வீரிட்டு அழுது, அந்தக் கையைத் தள்ளித் தள்ளி விட்டாள். போளை முகத்துக்கு நேரேதான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

மிஸி திரும்பவும் இடதை மூடினார். அழுகை நின்றது. வலதை மூடினார். அழுதாள்.

மிஸி பாப்பாவைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"பூனக்கண்ணுன்னா கண்ணு மணியச் சுத்தி இருக்கிற நெறம் மாறி இருக்கும். நடு மணி கறுப்பாத்தான் இருக்கும். இவளுக்கு சுத்தி இருக்கிறது நம்மள மாதிரி கறுப்பு. மணிதான் வெள்ள. மகள், இது பூனக்கண் இல்ல."

அப்படியானால் என்ன என்று கேட்டேன்.

"என்னன்னு எனக்குத் தெரியல்ல. என்ன இல்லன்னு தெரியும். நாளைக்கே கண்டிக்குக் கொண்டு போவோம்."

எனக்கு வந்தது பயமில்லை, கோபம். இந்த மனுஷிக்கு எதிலும் குறை கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது என்று நினைத்தேன். அவர் போன பிறகு வீட்டுக்காரருக்கு போன் எடுத்து அழுதேன். அவருக்கும் எரிச்சல். அந்தம்மாவுக்கு உலகத்தில் எல்லாமே போளைதான், லீவில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கி வைப்பதாக நேர்ந்துகொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் கதவைத் திறந்தால் மிஸி குடையும் கைப்பையுமாக நிற்கிறார். பாப்பாவுக்கு மாற்றுத் துணி, போத்தலில் கொதித்தாறிய தண்ணீர், பிஸ்கட் எல்லாம் அவர் பையிலேயே இருந்தது. வீட்டுக்காரர் லீவில் வரட்டும் என்றேன். அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் அதைக் கேலி செய்யவில்லை.

"நேத்திக்கடன் வச்சது நல்லது. அது இருக்கட்டும். இப்ப பஸ்ஸப் புடிப்போம்" என்று உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்துகொண்டார். நான் சேலை மாற்றும்வரை எழும்பவில்லை. கீறலைத் திருப்பி வைக்கும்வரை உட்கார்ந்திருந்த அதே உட்காருகை.

கண்டியில் டாக்டர் பார்த்தார். உடனே பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். கண்ணுக்குள்ளே கட்டி. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கேதான் முழுவதும் விளங்கியது. கட்டி இன்னும் கண்ணை விட்டு வெளியே போகவில்லை. போனால் நரம்பு வழியாக மூளைக்கு ஏறும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இப்போதே அந்தக் கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைப்பாள், மற்றக் கண்ணில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

சீகிரியாவிலிருந்து ஹோட்டல் சட்டையோடே ஓடிவந்த என் வீட்டுக்காரர், எடுக்க விடமாட்டேன் என்று நின்றார். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு அவளை யார் கட்டுவான், மருந்து கொடுத்து ஆற்றச் சொல்லுங்கள் என்று வார்ட் வாசலில் நின்று அழுதார். நானும் அவர் பக்கம்தான். ஒரு வயதாகாத பிள்ளையின் கண்ணைப் பிடுங்கச் சம்மதி என்றால் எந்தத் தாய் தலையாட்டுவாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்த மிஸியைப் பார்த்தேன். ஒரு தடவையாவது பொய் சொல்லமாட்டாரா என்று இருந்தது. ஒன்றும் ஆகாது, எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் வாயால் கேட்கவேண்டும் போல இருந்தது.

மிஸி எழுந்து வந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தார்.

"தம்பி, கண்ணு போகும். புள்ள இருப்பா. ரெண்டும் இருக்கும்னு யாராவது ஒங்களுக்கு சொன்னா, அவங்க பாக்காம சொல்றாங்க."

அவர் பிடித்த கையை விடவில்லை. என் வீட்டுக்காரர் அழுது முடித்து, உள்ளே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார். எத்தனையோ பேர் அந்த நாட்களில் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் இப்போது நினைவில்லை. மிஸி சொன்னதைத்தான் நாங்கள் இருவரும் பிடித்துக்கொண்டு நின்றோம். அது உண்மை என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆமாம் என்று ஒரு நாளும் சும்மா சொல்லாத வாய், பிள்ளை இருப்பாள் என்று சொல்லியிருக்கிறதே.

பிள்ளை இருந்தாள். அம்மனுக்குக் கண்மலரும் வைத்தேன்.

கண் இருந்த இடத்துக்குச் செயற்கைக் கண் செய்து வைத்தார்கள். பிள்ளை வளர வளர அதையும் மாற்றிக்கொண்டே வரவேண்டும். பார்க்கிறவர்கள் எல்லோரும் அச்சு அசல் கண் மாதிரியே இருக்கிறது, வித்தியாசமே தெரியவில்லை என்பார்கள். நானும் அதையேதான் சொல்லி அவளை வளர்த்தேன். நர்சரிக்குப் போகத் தொடங்கியதும், அந்தக் கண் அசையவில்லை, பொய்க்கண் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து கழற்றி வைத்தவள் திரும்பப் போடமாட்டேன் என்றாள். அசல் மாதிரியே இருக்கிறது தங்கம் என்று நான் சொல்லச் சொல்ல அவளுக்கு ஆத்திரம் கூடியது. எல்லோரும் தன்னை ஏமாற்றுகிறோம் என்று அந்த வயதில் அவளுக்கு விளங்கிவிட்டது. துணிப் பட்டையொன்றைக் கட்டிக்கொண்டே திரிந்தாள்.

மிஸி வந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவளைக் கூப்பிட்டு, அதைக் கொண்டு வா, பார்க்கிறேன் என்றார். அவள் கிண்ணத்தோடு கொண்டுவந்தாள். மிஸி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அதை எடுத்து வாசலுக்குப் போனார். இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்து, மெதுவாகத் திருப்பினார். பிள்ளை ஏதோ கேட்கப் போனாள், மிஸி மற்றக் கையால் பொறு என்று காட்டினார். அவளும் பொறுத்தாள். கேள்வி கேட்கிற பிள்ளையின் முகம் இல்லை அது, தீர்ப்புக்குக் காத்திருக்கிற முகம்.

"இது கண்ணு இல்ல" என்றார் மிஸி.

பிள்ளை அழவில்லை. அப்ப இது என்ன என்று கேட்டாள்.

"கண்ணு இல்லாத எடத்துல இருக்கிறதுக்குன்னே ஒருத்தர் கையால செஞ்சது. மெஷின்ல செஞ்சதில்ல. இங்க பாரு, செவப்பு நூல் பிச்சி நரம்பு மாதிரி ஒட்டியிருக்காரு. இங்க பிரஷ் போயிருக்கு. இந்தா, ஓரத்துல ஒரு புள்ளி தெரியுதா? மேல் பக்கம் எதுன்னு தெரியிறதுக்கு அவரு வச்ச புள்ளி. அதான் இதுக்குத் தொப்புள்."

பிள்ளை பூதக்கண்ணாடியில் குனிந்து பார்த்தாள். பிறகு சட்டையைத் தூக்கித் தன் தொப்புளைக் குனிந்து பார்த்தாள். மிஸி சத்தமாகச் சிரித்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான். பிள்ளை அதைக் கழுவித் தரச் சொல்லித் தானாகவே கண்ணைப் போட்டுக்கொண்டாள். மறுநாள் நர்சரியில் போய், என் கண்ணுக்குத் தொப்புள் இருக்கிறது, உங்கள் கண்ணுக்கு இருக்கிறதா என்று கேட்டாளாம். ஒருவருக்கும் இல்லை. கொஞ்ச நாள் அவள்தான் அங்கே ராணி.

மிஸி போய் இப்போது சில வருஷங்கள் ஆகின்றன. படுக்கையில் கிடக்காமல், யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போனார். போளை டின்களைச் சகோதரன் மகன் வந்து எடுத்துக்கொண்டு போனார், அவருக்கும் அதில் ஆசை இருக்கிறதென்று கேள்வி. எங்களிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. மிஸி கடைசியாக வந்தபோது மகளிடம் கொடுத்தது. தொப்புள் இல்லாத, பெறுமதி ஒன்றும் இல்லாத, மெஷினில் செய்த பூனைக்கண் போளை. அன்று வாசலில் பாப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தது அதைத்தானாம். பூனைக்கண் என்றால் இதுதான், நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தார். அது மகளின் படிப்பு மேசையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்ததாக நான் தூசு தட்டுவது அதைத்தான். போஸ்ட்மாஸ்டர் மிஸியின் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். ரோட்டின் மறுபக்கத்தில் நிற்கவில்லை, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

போன மாதம் மகளுக்கு அடையாள அட்டைக்குப் படம் எடுத்தேன். ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறாளே, அட்டை வேண்டும். இப்போதெல்லாம் ஸ்டூடியோவிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகத்தான் அனுப்பவேண்டும். நீலத் திரைக்கு முன்னால் இருத்தி, நேராகப் பார் என்று சொல்லி எடுத்தேன். திரையில் பெரிதாக்கினேன். ஒரு கண் கெமராவைப் பார்த்தது. மற்றது ஒரு நூலளவு விலகிப் பார்த்தது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

தாய்தானே. கை மவுஸுக்குப் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் அவள் கொண்டு திரியப்போகிற படம் என்று தோன்றியது. அந்த நேரம் பின்னால் வந்து என் தோளுக்கு மேலால் குனிந்தாள். திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பொறு என்று கையால் காட்டினாள்.

"இதுல கைய வச்சிங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப அனுப்புங்கம்மா" என்றாள்.